கொடுத்தே ஓய்ந்த கை



பெரியோர் வரலாறுகளை நாம் இருவகை நோக்கத்தோடு படிக்கிறோம். சிலரைப் போல வாழவேண்டும் என்று படிக்கிறோம். சிலரைப் போல வாழ்ந்துவிடக் கூடாது என்று படிக்கிறோம். எந்த வரிசையில் வைப்பது என்று முடிவு சொல்ல முடியாமல் நம்மைத் திகைக்க வைப்பவர் மிகச் சிலரே. அத்தகையவருள் ஒருவர் நடிகர் சித்தூர் வி. நாகையா. திரட்டிய செல்வத்தையெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டு, முதுமையில் வறுமையோடு போராடி மறைந்தவர் அவர். அவரை வள்ளல் என்று போற்றுவோரும் உண்டு; ஏமாளி என்று இரங்குவோரும் உண்டு. இருசாராருள் எவர் கூற்று உண்மை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் உயிரியல் பயிலும் மாணவனுக்கு ஒரு நடிகரின் வாழ்வில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை உண்டு. பிரெஞ்சு நாட்டுப் புதினம் ஒன்று, அதிலிருந்து பிறந்த தமிழ்ப் படம் ஒன்று, நாம் வாழும் இந்தத் தீவு ஆகிய மூன்றும் அவர் வாழ்வில் வந்து சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பைப் பிறர் கண்டு சொல்வதைவிட, ஷாதிபூரில் வளர்ந்தவன் ஒருவன் சொல்வதே பொருத்தம் என்று எண்ணுகிறேன்.

நாகையா 1904-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28-ஆம் நாள், பின்னாளில் குண்டூர் மாவட்டத்தில் இருந்த ரேபல்லேயில் பிறந்தார். தாய்மொழி தெலுங்கு. உப்பலதடியம் என்பது குடும்பப் பெயர். ஆனால் நாடகமேடையில் பெயர் பெற்றது சித்தூரில் ஆதலால், அந்த ஊரின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. சித்தூர், தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் எல்லைப் பகுதி. அந்நாளில் சென்னை மாகாணம் பிரிவுபடாமல் இருந்தது. ஆகவே இருமொழி மக்களும் அவரைத் தம்மவர் என்றே பின்னாளில் கொண்டாடினார்கள்.

இளமையிலேயே இசை அவரைப் பற்றிக்கொண்டது. ஆயினும் வயிற்றுப்பாடு வேறு வழியில் இழுத்தது. சிலகாலம் எழுத்தராக இருந்தார். சிலகாலம் பத்திரிகையில் பணிபுரிந்தார். காந்தியடிகளின் உப்பு அறப்போர் நாட்டை உலுக்கிய காலத்தில், கிடைத்த வேலையை உதறிவிட்டு விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டார். கையில் உள்ளதை விட்டுவிடுவது என்ற பழக்கம் அவருக்குப் பணம் வந்த பிறகு தோன்றியது அன்று. பணம் வருமுன்பே தொடங்கிவிட்டது. இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1938-ஆம் ஆண்டு எச். எம். ரெட்டி எடுத்த 'கிருஹலட்சுமி' என்ற தெலுங்குப் படத்தில் நாகையா முதன்முதலாகத் திரையில் தோன்றினார். அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. கதாநாயகனாக வருவதற்கு அது இளமையான வயது அன்று. ஆனால் அடுத்த ஆண்டே பி. என். ரெட்டி தொடங்கிய வாகினி நிறுவனத்தின் 'வந்தே மாதரம்' படத்தில் அவரே நாயகர். அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் கே. ராம்நாத். திருவனந்தபுரத்தில் பிறந்து சென்னைக்கு வந்து, ஒளியையும் நிழலையும் ஒரு விஞ்ஞானியின் பொறுமையோடு ஆராய்ந்தவர் அவர். இவ்விருவர் நட்பும் பதினோரு ஆண்டுகளுக்குப் பின் தமிழுக்கு ஒரு நல்ல படத்தைத் தந்தது. அதைப் பின்னர்ச் சொல்வேன்.

1940-இல் வந்த 'சுமங்கலி'யில் நாகையா ஒரு முதிய சீர்திருத்தவாதி; கைம்பெண் மறுமணத்துக்காகப் போராடிய கந்துகூரி வீரேசலிங்கத்தை நினைவூட்டும் பாத்திரம். முப்பத்தாறு வயதுக்காரர் நரைத்த தலையோடு வந்து நின்றார். பார்த்தவர்கள் அவரை முதியவர் என்றே நம்பினார்கள். 1941-இல் வந்த 'தேவதா'வில் பணிப்பெண்ணுக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்பு நெஞ்சு குமுறும் படித்த இளைஞன். பாவம் செய்தவனின் வருத்தத்தை முகத்தில் காட்டுவதில் அவருக்கு இணை அவரே.

அதன்பின் வந்த படங்களைப் பாருங்கள். ஏர் உழுது வாழ்ந்து, தம் காவியத்தை அரசனுக்குக் காணிக்கையாக்க மறுத்த போதனா. அரண்மனைப் பரிசைத் தள்ளிவிட்டுத் திருவையாற்றுத் தெருவில் உஞ்சவிருத்தி எடுத்த தியாகராசர். எல்லாம் துறந்து வெளியேறிய வேமனர். இம்மூவரையும் திரையில் வாழவைத்தவர் நாகையா. 1946-இல் வெளிவந்த 'தியாகையா'வை அவரே தயாரித்து, அவரே இயக்கி, அவரே இசையமைத்து, அவரே நடித்தார். 1947-இல் வந்தது 'யோகி வேமனா'. அதற்கடுத்த ஆண்டு தமிழில் ஜெமினி எடுத்த 'சக்ரதாரி'யில் பானை வனையும் பக்தர் கோரகும்பராக நடித்தார். ஒன்றை நோக்குங்கள்: இவர்கள் நால்வரும் செல்வத்தைத் தேடிப் போகாதவர்கள்; தேடி வந்த செல்வத்தையும் பொருட்படுத்தாதவர்கள். ஆண்டுக்கணக்காக இத்தகையோரின் உடையை உடுத்தி, இத்தகையோரின் பாட்டைப் பாடி வந்த ஒருவரின் உள்ளத்தில் அந்த வாழ்வின் சாயல் படியாமல் இருக்குமா?

தமிழ் மக்களுக்கும் அவர் புதியவர் அல்லர். 1941-இல் எம். கே. தியாகராஜ பாகவதர் குணாளனாக நடித்த 'அசோக்குமார்' படத்தில் பேரரசர் அசோகராக வந்தவர் நாகையா. 1945-இல் எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த 'மீரா'வில் மேவார் நாட்டு ராணாவாக வந்தவரும் அவரே. அன்றைய தென்னாட்டுத் திரையுலகில் மிகுந்த ஊதியம் பெற்ற நடிகர்களுள் ஒருவராக அவர் விளங்கினார். தாமே பாடுவார்; தாமே இசையமைப்பார்; தமிழையும் தெலுங்கையும் தயக்கமின்றிப் பேசுவார்.

இனி, அந்தப் பிரெஞ்சுப் புதினத்துக்கு வருவோம்.

விக்டர் ஹியூகோ என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் நாடு கடத்தப்பட்ட நிலையில் எழுதி முடித்து, 1862-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூல் 'லே மிசெராபிள்'. பசித்த குழந்தைகளுக்காக ஒரு ரொட்டியைத் திருடியவன் ஜீன் வால்ஜீன். ஐந்தாண்டுத் தண்டனை, தப்பியோட முயன்றதற்காக மேலும் பதினான்கு ஆண்டு. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் வெளியே வருகிறான். அவன் கையில் இருப்பது ஒரு மஞ்சள் நிறச் சீட்டு. முன்னாள் கைதி என்று ஊருக்கெல்லாம் பறைசாற்றும் சீட்டு. அதைப் பார்த்தவுடன் விடுதிக்காரன் கதவை அடைக்கிறான். ஓர் ஊரில் கிறித்தவ ஆயர் ஒருவர் மட்டும் அவனுக்குச் சோறும் படுக்கையும் தருகிறார். அவனோ இரவில் எழுந்து அவருடைய வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். காவலர் பிடித்து வந்து நிறுத்தும்போது, அவை தாம் அவனுக்குக் கொடுத்த பொருள்களே என்று ஆயர் சொல்லிவிடுகிறார். மறந்துவிட்டுப் போனாயே என்று இரண்டு வெள்ளி விளக்குத் தண்டுகளையும் சேர்த்துக் கொடுக்கிறார். அந்த ஒரு கொடை அந்த மனிதனை மாற்றிவிடுகிறது. அவன் வேறு பெயர் பூண்டு, தொழிற்சாலை நடத்தி, ஊராரை வாழவைத்து, நகரத் தலைவனாகவே உயர்கிறான். ஆனால் ஜாவர் என்னும் காவல் அதிகாரி அவனை விடாமல் துரத்துகிறான். சட்டத்தைத் தவிர வேறொன்றையும் அறியாதவன் அவன்.

பிரெஞ்சு நாட்டாரே இக்கதையைப் பலமுறை படமாக்கியிருக்கிறார்கள். 1934-இல் ரேமோன் பெர்னார் எடுத்தார். ஹாரி போர் நாயகர். 1958-இல் லெ ஷனுவா எடுத்த வண்ணப் படத்தில் புகழ்பெற்ற ஜீன் காபென் வால்ஜீனாக நடித்தார். இவ்விரண்டுக்கும் இடையில், 1950-ஆம் ஆண்டு நவம்பரில், நம் தமிழில் வெளிவந்தது 'ஏழை படும் பாடு'. காபென் அந்தச் சுமையைத் தோளில் ஏற்றுவதற்கு எட்டாண்டு முன்பே நம் நாகையா ஏற்றிவிட்டார்.

இந்தப் படம் வந்த வழியும் அறியத் தக்கது. கவியோகி சுத்தானந்த பாரதியார் புதுச்சேரியில் நீண்டகாலம் தவவாழ்வு வாழ்ந்தவர். பிரெஞ்சு மொழி கற்றவர். அவர்தாம் ஹியூகோவின் நூலை 'ஏழை படும் பாடு' என்ற பெயரில் தமிழாக்கினார். அந்தத் தமிழ்நூலை அடிப்படையாகக் கொண்டு, கோவையில் பட்சிராஜா ஸ்டுடியோ நடத்திய எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு படம் எடுத்தார். இயக்கும் பொறுப்பை ஏற்றவர், முன்பு நான் குறிப்பிட்ட கே. ராம்நாத். 'வந்தே மாதரம்' படத்தில் எந்த முகத்தின் மேல் ஒளி பாய்ச்சினாரோ, அதே முகத்தைத் தம் கதைக்கு நாயகனாகத் தேர்ந்தார். வால்ஜீன் கந்தன் ஆனான். லலிதாவும் பத்மினியும் உடன் நடித்தனர். 'பீதல பாட்லு' என்ற பெயரில் தெலுங்கிலும் இதே கதை வெளிவந்தது; அதிலும் நாகையாவே நாயகர்.

காவல் அதிகாரி ஜாவராக நடித்தவர் சீதாராமன் என்னும் இளைஞர். அந்த வேடம் அவரை எவ்வளவு இறுகப் பற்றிக்கொண்டது என்றால், அன்று முதல் அவர் பெயரே ஜாவர் சீதாராமன் ஆகிவிட்டது. பின்னாளில் 'அந்த நாள்', 'களத்தூர் கண்ணம்மா' போன்ற படங்களுக்கு எழுதிப் புகழ்பெற்ற போதும், பிரெஞ்சுக் காவலன் ஒருவனின் பெயர் அவர் பெயருக்கு முன்னால் நின்றது. ஒரு படத்தால் ஒருவருக்குப் பெயரே மாறியது. மற்றவருக்கு, அதாவது நாகையாவுக்கு, என்ன மாறியது? பெயர் மாறவில்லை. ஆனால் அந்தக் கதைக்குள் அவர் வாழ்வே இருந்தது என்பது என் கருத்து. அதை விளக்குமுன் நம் தீவைப் பற்றிச் சில சொற்கள்.

ஹியூகோவின் நூல் வெளிவந்தது 1862-இல் என்று சொன்னேன். அதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன், 1858 மார்ச்சு 10-ஆம் நாள், மருத்துவர் வாக்கர் என்னும் ஆங்கில அதிகாரி இருநூறு கைதிகளோடு இங்கே கப்பலில் வந்து இறங்கினார். 1857-ஆம் ஆண்டுப் புரட்சியை அடக்கிய பின் பிரிட்டிஷார் அமைத்த தண்டனைக் குடியேற்றம் அது. பிரெஞ்சு எழுத்தாளர் தம் மேசையில் கற்பனைக் கைதி ஒருவனை நடக்கவிட்டபோது, உண்மைக் கைதிகள் இங்கே காட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வால்ஜீன் கையில் மஞ்சள் சீட்டு. இங்குள்ளவர் கழுத்தில் மரவில்லை. கைதியின் எண், குற்றப் பிரிவு, தண்டனை பெற்ற நாள் எல்லாம் அந்த வில்லையில் பொறித்திருக்கும். 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்த செல்லுலர் சிறையைத்தான் வெளியூரார் வந்து பார்த்துச் செல்கிறார்கள். ஆனால் இந்தத் தீவின் கதை அந்தச் சிறையோடு முடிவதன்று.

பல ஆண்டு கடும் உழைப்புக்குப் பின், நன்னடத்தைச் சீட்டுப் பெற்ற கைதிகள் வெளியே வாழ விடப்பட்டார்கள். தம் கையால் உழுது தாமே பிழைக்க நிலம் கிடைத்தது. பெண் கைதிகளை மணந்து குடும்பம் அமைக்கவும் இசைவு கிடைத்தது. ஷாதி என்ற இந்திச் சொல்லுக்குத் திருமணம் என்பது பொருள். எங்கள் ஷாதிபூரின் பெயரைச் சொல்லும்போதெல்லாம், தண்டனைக்குப் பின்னும் மனிதனுக்கு ஒரு வாழ்வு உண்டு என்று அது சொல்வதுபோல எனக்குத் தோன்றும். 1945-இல் தண்டனைக் குடியேற்றம் முடிவுக்கு வந்தது. 2024-இல் போர்ட் பிளேர் என்ற பெயரும் ஸ்ரீ விஜயபுரம் என மாறியது. ஆனால் அந்தக் கைதிகளின் பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் நம் அண்டை வீட்டார்; நம் வகுப்புத் தோழர்கள். நம்மைப் போலப் பிற்காலத்தில் கப்பலேறி வந்த தமிழர்களுக்கு இடம் கொடுத்தவர்களும் அவர்களே.

ஆகவே வால்ஜீன் கதை பிற ஊராருக்கு வெறுங்கதை. நமக்கோ அது ஊர் வரலாறு. ஒருவனை அவன் கழுத்திலிருந்த எண்ணைக் கொண்டு அளப்பதா, அவன் பின்னர்ச் செய்த செயலைக் கொண்டு அளப்பதா என்ற கேள்விக்கு இந்தத் தீவு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக விடை சொல்லிக்கொண்டிருக்கிறது.

இப்போது நாகையாவிடம் திரும்புவோம். திரையில் அவர் நடித்தது வால்ஜீன். ஆனால் வாழ்வில் அவர் வால்ஜீனாக இருந்தாரா? இல்லை. வாழ்வில் அவர் அந்த ஆயராக இருந்தார்.

ஹியூகோ தம் நூலில் அந்த ஆயரின் வரவுசெலவுக் கணக்கையே எழுதிக் காட்டுகிறார். ஆண்டுக்குப் பதினைந்தாயிரம் லிவர் வருமானம். அதில் தமக்கென்று வைத்துக்கொண்டது ஆயிரம். மிச்சமெல்லாம் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறைப்பட்டோருக்கும். ஆயர் மாளிகையையே மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டு, மருத்துவமனையாக இருந்த சிறு வீட்டில் அவர் குடியேறினார்.

நாகையாவின் சென்னை வீடும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது. வாய்ப்புத் தேடிச் சென்னைக்கு வந்த கலைஞர்க்கு அங்கே சோறு உண்டு. கேட்டவர்க்குப் பணம் உண்டு. யார், எவர், எந்த ஊர், எதற்கு என்று விசாரிக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. கொடுத்ததைக் குறித்துவைக்கும் வழக்கமும் இல்லை. அவரை அறிந்தவர்கள் எழுதியவற்றிலும் பேசியவற்றிலும் இந்தச் செய்தி தவறாமல் வருகிறது. ஆயர் வேடம் அவருக்கு எந்தப் படத்திலும் கிடைக்காமல் போயிருக்கலாம். வீட்டில் நாள்தோறும் அதையே அவர் வாழ்ந்தார்.

அதோடு நின்றாரா? சொந்தமாகப் படம் எடுப்பதிலும் கைப்பொருளைக் கொட்டினார். 1953-இல் அவர் இயக்கிய படம் தெலுங்கில் 'நா இல்லு' என்றும் தமிழில் 'என் வீடு' என்றும் வந்தது. பின்னர் 'பக்த ராமதாசு' எடுக்க முனைந்தார். பத்ராசலத்தில் இராமர் கோயில் எழுப்பி, அதற்காகவே சிறையில் வாடிய அடியாரின் கதை அது. பணமுடையால் பல ஆண்டு இழுத்தடித்து, 1964-இல் அது வெளிவந்தது. அதற்குள் நாயக வேடங்கள் அவரைவிட்டு அகன்றுவிட்டன. பொருளும் அகன்றுவிட்டது. அவரை இயக்கிய ராம்நாத்தும் 1956-இலேயே மறைந்துவிட்டார்.

அக்காலத்து நாகையாவைத்தான் நம் தலைமுறையினர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 1958-இல் வந்த 'சம்பூர்ண ராமாயணம்' படத்தில் மகனைப் பிரிந்து உருகும் தசரதர். 1961-இல் வந்த 'பாவமன்னிப்பு' படத்தில் கைவிடப்பட்ட குழந்தையைத் தன் மகனாக வளர்க்கும் இசுலாமிய வைத்தியர். 1966-இல் வந்த 'ராமு' படத்தில் உள்ளம் உருக்கும் முதியவர். நான் அவரை முதலில் கண்டதும் இந்த வேடங்களில்தான். சில நிமிடங்களே வருவார். ஆனால் அவர் வந்ததும் படத்தில் ஓர் அமைதி வந்து அமரும். ஒரு காலத்தில் படம் முழுவதையும் தாங்கியவர், சிறு வேடங்களை ஏற்று அன்றாடச் செலவை ஈடுகட்ட நேர்ந்தது. அந்தச் சிறு வேடத்தையும் சிறுமையாக நினைத்துச் செய்ததாக அவர் முகம் காட்டவில்லை.

1965-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. விருது வந்தது, வறுமை போகவில்லை. 1973-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் அவர் காலமானார். பின்னர்ச் சென்னை தியாகராய நகரில், பனகல் பூங்காவில் அவருக்குச் சிலை எழுப்பினார்கள். சிலைக்குப் பசிக்காது, ஆகவே சிலை வைப்பது எளிது. பசிக்கும் மனிதனாக அவர் இருந்தபோது அவரைத் தாங்குவது யார் பொறுப்பு என்ற கேள்வியை மட்டும் அந்தச் சிலை எழுப்பிக்கொண்டே நிற்கிறது.

இனித் தொடங்கிய ஆராய்ச்சிக்கு வருவோம். நாகையா வள்ளலா, ஏமாளியா?

எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் பழைய படங்களில் ஊறியவர். என் அப்பாவைக் காணும்போதெல்லாம், நாகையாவைப் போல ஆகிவிடாதே தம்பி என்று எச்சரிப்பார். காரணம் உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலில் வரும் எவருக்கும், துறைமுகத்தில் வேலைபார்க்கும் அப்பா, எங்கள் வீட்டு முன்னறையில் இடம் கொடுப்பார். பத்து நாள் தங்குவார்கள். சிலர் இரண்டு மாதமும் தங்குவார்கள். முன்னறை முழுவதும் ஆட்கள் உறங்க, நான் அடுப்படியில் அமர்ந்து பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்திருக்கிறேன். அப்பா கைமாற்றாகக் கொடுத்த பணம் சிலரிடமிருந்து திரும்பி வந்தது, பலரிடமிருந்து வரவில்லை.

ஆனால் எங்கள் வீட்டில் அம்மா இருந்தார். அவர் பள்ளி நோட்டு ஒன்றில் எல்லாவற்றையும் எழுதிவைப்பார். யார் வந்தார், எத்தனை நாள் உண்டார், எவ்வளவு பெற்றார், எவ்வளவு திருப்பினார் என்பதெல்லாம் அதில் இருக்கும். மாதத்துக்கு இவ்வளவு அரிசிக்கு மேல் வெளியாருக்குப் போகக் கூடாது என்று ஒரு கோடும் கிழித்துவைத்திருந்தார். அந்தக் கோட்டை அப்பா தாண்ட முயன்ற நாள்களில் வீட்டில் பேச்சு வளரும். ஆயினும் கோடு அழியவில்லை, முன்னறையும் மூடப்படவில்லை.

நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு அப்பாவுக்கு உடல்நலம் குன்றி வேலைக்குப் போக முடியவில்லை. அந்த ஆண்டு என் கட்டணத்தைக் கட்டியவர், எட்டாண்டு முன் எங்கள் முன்னறையில் உறங்கி, பின்பு சொந்தமாகத் தேநீர்க் கடை வைத்த ஒருவர். நோட்டில் அவர் கணக்கு முன்பே தீர்ந்திருந்தது. அவர் கட்டியது கடனுக்கு ஈடு அன்று. நான் இன்று உங்களோடு வகுப்பில் அமர்ந்திருப்பது அந்தக் கையால்தான். ஆகவே கொடைக்குப் பயன் இல்லை என்று எவர் சொன்னாலும் நான் நம்புவதற்கில்லை.

நாகையாவை எச்சரிக்கையாகக் காட்டுவோர் இரண்டு செயல்களை ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள் என்பது என் முடிவு. கொடுப்பது ஒன்று, கணக்கு வையாமல் கொடுப்பது மற்றொன்று. நோய் வந்தவனுக்கு உணவே காரணம் என்று சொல்லி உணவை நிறுத்திவிட மாட்டோம். எந்த உணவு, எந்த அளவு என்றுதான் பார்ப்போம். ஆய்வுக்கூடத்தில் நமக்குச் சொல்லித்தருவதும் இதுவே. இரண்டு காரணங்கள் சேர்ந்து ஒரு விளைவு வந்தால், முதலில் இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும்.

ஹியூகோவின் கதையிலேயே இதற்கு விடை இருக்கிறது. ஆயர் கணக்குப் பாராமல் கொடுத்தார். ஆனால் அவருக்கு மேல் ஒரு கூரை எப்போதும் இருந்தது. திருச்சபை அவரைத் தாங்கியது. நடிகனுக்கு அடுத்த படம்தான் கூரை. அது வராவிட்டால் வானம்தான் கூரை. ஆயரிடமிருந்து வெள்ளியைப் பெற்ற வால்ஜீனோ தொழில் தொடங்கினான், இலாபத்தைச் சேர்த்தான், பலருக்கு வேலை கொடுத்தான், பள்ளியும் மருத்துவமனையும் வளர்த்தான், தான் வளர்க்கும் பெண்ணின் எதிர்காலத்துக்கென்று பணத்தைப் பத்திரப்படுத்தினான். ஆயரிடம் பெற்றது உள்ளம். தானே கற்றது கணக்கு. இரண்டும் சேர்ந்தபோதுதான் ஓர் ஊரே வாழ்ந்தது. நாகையா வால்ஜீனாக நடித்தார்; வால்ஜீனின் உள்ளத்தைப் பெற்றார்; அவனுடைய கணக்கேட்டை மட்டும் விட்டுவிட்டார்.

ஆயினும் அவரை ஏமாளி என்று சொல்ல என் நா எழவில்லை. நம் முன்னோர் குமணனை ஏமாளி என்று சொல்லவில்லை. நாட்டை இழந்து காட்டில் இருந்தபோதும், பாடி வந்த புலவருக்குக் கொடுக்க ஒன்றும் இல்லையே என்று வருந்தித் தன் தலையையே தரத் துணிந்தவனை நாம் வள்ளல் என்றே போற்றுகிறோம். சங்க காலத்துக் குமணனுக்கு ஓர் அளவுகோல், நம் காலத்து நாகையாவுக்கு வேறோர் அளவுகோல் என்பது நேர்மையாகுமா? குறை அவரிடம் மட்டும் இல்லை. அவர் இல்லத்தில் உண்டவர்கள் எத்தனை பேர்! அவர்களுள் ஒவ்வொருவரும் ஒருபிடி திருப்பியிருந்தால் அவர் முதுமை வாடியிருக்குமா? கொடுப்பவன் கணக்கு வையாதது குறை என்றால், வாங்கியவன் கணக்கு வையாதது குற்றம் அல்லவா?

இதிலிருந்து நமக்கு ஒரு வேலை இருக்கிறது என்று எண்ணுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேரும் மாணவர் சிலர், கப்பல் கட்டணத்துக்கே கடன் வாங்கிக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். முதல் மாத உணவுக்கும் அறை வாடகைக்கும் அவர்கள் படும் பாட்டை நாம் அறிவோம். நம் தமிழ் மன்றத்தில் இருப்பவர் மாதம் 50 ரூபாய் ஒதுக்கினால், அவர்களுக்கென்று ஒரு சிறு நிதி திரளும். கேட்பவரிடம் ஊரும் சாதியும் மொழியும் விசாரிக்க வேண்டா. அது ஆயரின் வழி. ஆனால் வரவும் செலவும் இரு மாணவர் கையொப்பத்தோடு மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படட்டும். அது வால்ஜீனின் வழி, எங்கள் அம்மாவின் வழியும்கூட. பெற்றவர், தாம் சம்பாதிக்கத் தொடங்கியபின், இயன்றதைத் திருப்பிச் செலுத்தட்டும். இந்த ஆண்டோடு என் படிப்பு முடிகிறது. கிடைக்கும் முதல் ஊதியத்தில் என் பங்கை அனுப்புவேன் என்று இந்த ஏட்டின் வாயிலாகவே உறுதி கூறுகிறேன்.

அந்த நிதிக்கு நாகையாவின் பெயரை வைக்கலாம் என்பது என் விருப்பம். அவரது பெயர் எச்சரிக்கையாக மட்டுமே இதுவரை பயன்பட்டது போதும். கொடுத்தே ஓய்ந்த அந்தக் கையின் பெயரால், இனி ஒரு கணக்கேடு தொடங்கட்டும்.